நாயோடு படகில் சான் ஹுவான் தீவுகள்: துறைமுக ஊர்களைச் சுற்றிவர ஒரு முழு வழிகாட்டி

ஃப்ரைடே ஹார்பர் படகுத்துறையில் நடுப்பகல். அனகோர்ட்டஸிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வந்து அப்போதுதான் கயிறு கட்டியிருந்தோம். எங்கள் வாண்டு, கறுப்பு லாப்ரடார் கலப்பு, 24 கிலோ, அதுவரை ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிதவைத் துறையிலிருந்து கரைக்கு ஏறும் இரும்புச் சாய்பாதை கடல் வற்றியிருந்ததால் கிட்டத்தட்ட ஏணிபோல நின்றது. தரை முழுக்கக் கம்பி வலை, இடுக்கு வழியாகக் கீழே பச்சைத் தண்ணீர் தெரிகிறது. முன்னங்காலை வைத்தாள், நகம் வலையில் மாட்டியது, பின்வாங்கி அப்படியே படுத்துவிட்டாள். கடைசியில் நான் தூக்கிக்கொண்டுதான் ஏறினேன்.

நாயோடு படகில் போக வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தில் ஆழத்தை அல்ல, மண்ணை. ராத்திரி எங்கே நிற்கப்போகிறோம், அங்கிருந்து புல்லுக்கும் மண்ணுக்கும் எத்தனை நிமிடம், அந்த நேரத்தில் கடல் ஏறியிருக்குமா வற்றியிருக்குமா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதித் திட்டம் முடிந்தது. மீதியைக் கீழே எழுதியிருக்கிறேன். சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மவர்கள் நிறைய பேர் நாய் வளர்க்கிறார்கள், சிலர் பழைய படகும் வாங்குகிறார்கள், ஆனால் இரண்டையும் சேர்க்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், ஒழுங்காகப் பழக்கினால் போதும்.

இடத்தைப் பற்றி ஒரு வரி: வாஷிங்டன் மாநிலத்தின் நிலப்பகுதிக்கும் கனடாவின் வான்கூவர் தீவுக்கும் நடுவில் இருப்பவை சான் ஹுவான் தீவுகள். சான் ஹுவான், ஆர்க்கஸ், லோபஸ், ஷா ஆகிய நான்குக்கும் அரசு ஃபெரி போகிறது, மற்றவற்றுக்கு ஃபெரி இல்லை, படகில்தான் போக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை காலம் நன்றாக இருக்கும், ஒலிம்பிக் மலைகள் மழையை மறைப்பதால் சியாட்டிலைவிட இங்கே மழை குறைவு. ஆகஸ்டில் மட்டும் காலை மூடுபனியை எதிர்பாருங்கள்.

முதல் படி: கட்டிய படகில் பழக்குதல்

எடுத்த எடுப்பில் கடலுக்குக் கூட்டிப்போகாதீர்கள். துறையில் கட்டிவைத்த படகில் இன்ஜின் போடாமல் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். சாப்பாட்டை அங்கேயே வையுங்கள், தினமும் படுக்கும் துணியையும் அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள். நாலைந்து நாள் இப்படிப் போனதும் இன்ஜினைப் போட்டு, கயிற்றை அவிழ்க்காமல், அந்தச் சத்தத்திலும் அதிர்விலும் படுக்க வையுங்கள். வாண்டுவுக்கு இதுவே இரண்டு வாரம் பிடித்தது. அவசரப்படுத்தியிருந்தால் படகைப் பார்த்தாலே நடுங்கியிருப்பாள் என்று இன்றும் நம்புகிறேன்.

அதே நேரத்தில் வழுக்கும் இடங்களைச் சரிசெய்யுங்கள். ஃபைபர் தளம் ஈரமானால் நாய்க்கு நிற்க முடியாது, ஒருமுறை சறுக்கி விழுந்தால் அப்புறம் அந்தப் பக்கமே வராது. ரப்பர் அடிப்பாகம் உள்ள மலிவான பாய்களை வெட்டிப் போட்டாலே போதும். கேபினுக்குள் இறங்கும் படி செங்குத்தாக இருந்தால் ஒரு பலகையைச் சாய்த்துக் கட்டுங்கள்.

அப்புறம் படகிலேயே ஒன்றுக்கு இரண்டுக்குப் போகப் பழக்குவது. எல்லோரும் தவிர்க்க நினைக்கும் வேலை இது, எல்லோருக்கும் ஒருநாள் தேவைப்படும் வேலையும் இதுதான். செயற்கைப் புல் பாய் ஒன்று, இரண்டடிக்கு மூன்றடி, மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியது. முதல் மூன்று வாரம் வீட்டுக் கொல்லையில், வழக்கமாகப் போகும் இடத்தில் அதை விரித்துவையுங்கள். போகும் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நாங்கள் ‘போய்க்கோ’ என்போம். பழகும்வரை பாயைக் கழுவாதீர்கள், அந்த வாசனைதான் அதற்குப் பாடம். பிறகு பாயை அப்படியே படகின் அணியத்தில் (முன்முனையில்) கட்டுங்கள். முதல் தடவை நாய் உங்கள் முகத்தையும் பாயையும் மாறி மாறிப் பார்க்கும். நீங்கள் காபி குடிப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். வாண்டு இரண்டாவது பயணத்தில், மூடுபனியில் ஐந்து மணி நேரம் நங்கூரத்தில் மாட்டிக்கொண்ட அன்றுதான் முதன்முதலாகப் போனாள். அன்று நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார்! பாயைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கடல்நீரில் அலசினால் சுத்தம். மலத்தை மட்டும் பையில் கட்டி எடுத்துவையுங்கள்.

இரண்டாவது படி: லைஃப் ஜாக்கெட், நாய் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது

இந்தக் கடல் நடுக்கோடையிலும் 10 முதல் 12 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. நன்றாக நீந்தத் தெரிந்த நாயும் அந்தக் குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும், நீரோட்டம் இழுத்தால் அதன் நீச்சலுக்கு மதிப்பே இல்லை. ஆகவே கயிறு அவிழ்த்த நிமிடத்திலிருந்து மறுபடி கட்டும்வரை ஜாக்கெட் போட்டே இருக்க வேண்டும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: முதுகில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து நாயைத் தரையிலிருந்து முழுசாகத் தூக்கிப்பாருங்கள். ஜாக்கெட் கழுத்துக்கு ஏறினாலோ பட்டை நழுவினாலோ அது வேண்டாம். நிறம் ஆரஞ்சு அல்லது மஞ்சள். அலைக்கு நடுவே நாயின் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும்.

விழுந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒருவர் விரலை நாய் மேல் நீட்டியபடியே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்து, சுற்றி, காற்றுக்கு எதிராக மெதுவாக வந்து, நாய்க்குப் பக்கத்தில் வருமுன்பே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இன்ஜினை அணைக்க வேண்டும். நாய் எப்போதும் உங்களை நோக்கியே நீந்தும், நீங்கள் நிற்பது புரொப்பல்லர் இருக்கும் பின்புறமாக இருந்தால் அதற்குத்தான் வரும். அதனால் பக்கவாட்டில் நின்று கூப்பிடுங்கள். யாரும் பின்னால் குதிக்காதீர்கள். கொக்கி போட்ட கம்பு ஒன்று இருந்தால் கைப்பிடியில் மாட்டி இழுத்துவிடலாம். வெயில் நாளில் ஏரியில் ஜாக்கெட்டோடு இறக்கிவிட்டு இதை ஒருமுறை செய்துபார்த்தால், தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, பின்புறத் தளத்தில் நாயைப் படுக்க விடாதீர்கள். மெதுவாகப் போகும்போது இன்ஜின் புகை அங்கேதான் சுழன்று தேங்கும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மூன்றாவது படி: காகிதமும் மருந்தும்

ரேபீஸ் தடுப்பூசிச் சான்றிதழ் இரண்டு நகல், ஒன்று பிளாஸ்டிக் உறையில் படகில், ஒன்று போனில். மைக்ரோசிப் போட்டிருந்தால் அதில் உங்கள் இப்போதைய எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், நிறைய பேர் வீடு மாறும்போது இதை மறந்துவிடுகிறார்கள். கழுத்துப்பட்டையில் கைபேசி எண்ணோடு படகின் பெயரையும் எழுதுங்கள், துறைகளில் உங்களைத் தேடுபவர்கள் படகின் பெயரைத்தான் கேட்பார்கள். கடல் குமட்டலுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாரோபிடான்ட் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். மனித மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். நீர்நாயும் ரக்கூனும் திரியும் இடமாதலால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) தடுப்பூசி பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் காகிதமும் உண்டு: 15 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள மோட்டார் படகை ஓட்ட, 1955 ஜனவரி 1-இலோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் வாஷிங்டனில் படகோட்டி கல்வி அட்டை கட்டாயம்.

நான்காவது படி: வெள்ளோட்டம்

சியாட்டில் ஏரிப் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் கடலுக்குப் போக பாலர்ட் லாக் வழியாகத்தான் போக வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கதவு போட்ட நீர்த்தொட்டி அது, 1917-இல் திறந்தது. ஏரி மட்டத்திலிருந்து கடல் மட்டத்துக்குத் தண்ணீரோடு படகும் இறங்கும். 50 அடிக் கயிறு இரண்டு தயாராக இருக்கட்டும். உங்கள் இரண்டு கையும் கயிற்றில் இருக்கும், சுவரின் மேல் சுற்றுலாக் கூட்டம் நின்று நாயைக் கூப்பிடும், பக்கத்தில் இடிப்பதுபோல இன்னொரு படகு வரும். நாயைக் கேபினுக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள், அதற்குப் பேச்சே கிடையாது.

முதல் பகல் பயணத்துக்கு போல்ஸ்போ போங்கள். நார்வேக்காரர்கள் குடியேறிய சின்ன ஊர், லிபர்ட்டி பே கரையில், துறைக்குப் பக்கத்திலேயே புல்வெளி. முதல் இரவுக்கு பிளேக் தீவு. மாநிலப் பூங்கா, படகில் மட்டுமே போகலாம், இரவில் சியாட்டில் விளக்குகள் எதிரே தெரியும். ஏதாவது சரியில்லை என்றால் சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம். இந்த இரண்டும் ஒழுங்காக முடிந்தால்தான் தீவுகளுக்குத் திட்டம் போடுங்கள். ராத்திரி முழுக்க நாய் எழுந்து எழுந்து நடந்தால் இன்னும் இரண்டு தடவை பிளேக் தீவுக்கே போய்வாருங்கள்.

ஐந்தாவது படி: ஏற்றவற்ற அட்டவணையும் நாயின் அட்டவணையும்

இங்கே நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், இரண்டும் சம அளவில் இருக்காது. கோடையில் ஆழமான வற்றம் பகலில் விழும், 10 அடிக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்களும் உண்டு. சாய்பாதை ஏணியாவது அப்போதுதான். நான் இப்போது செய்வது இது: முதல் நாள் இரவே அட்டவணையை எடுத்து, பகல் வற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரத்தைப் பென்சிலால் அடைத்துவிடுவேன். துறைக்கு வந்து சேர்வது அதற்கு வெளியே இருக்க வேண்டும். முடியாத நாட்களுக்கு மூன்றடி அகலப் பாய் ஒன்று சுருட்டி வைத்திருக்கிறேன், கம்பி வலைமேல் விரித்து, அவள் நடக்க நடக்கப் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போடுவோம். இரண்டு பேர் வேண்டும், ஆனால் தூக்குவதைவிட நல்லது.

நீரோட்டமும் இதோடு சேர்ந்தது. 1935-இல் கட்டிய பாலத்துக்கு அடியில் இருக்கும் டிசெப்ஷன் பாஸில் நீரோட்டம் 8 நாட் (மணிக்கு 8 கடல்மைல்) வேகம் வரை போகும், எங்கள் படகு நிதானமாகப் போகும் வேகமே அவ்வளவு இல்லை. நீர் நிற்கும் நேரம் பார்த்துத்தான் கடக்க வேண்டும். நாய் இருந்தால் என் யோசனை, தெற்கிலிருந்து வருபவர்கள் திறந்த ஹுவான் டி ஃபூக்கா நீரிணையை விட்டுவிட்டு, உள்வழியாக விட்பீ தீவுக்குக் கிழக்கே வந்து ஸ்வினமிஷ் கால்வாய் வழியாக ஏறுங்கள். நேரம் கூடும், ஆனால் அலை இல்லை, நடுவில் லா கானர் என்ற ஊர் இருக்கிறது. டிரெய்லரில் படகைக் கொண்டுபோக முடிந்தால் இன்னும் சுலபம், அனகோர்ட்டஸில் இறக்கிவிடலாம். அங்கிருந்து ஃப்ரைடே ஹார்பர் ஏறத்தாழ 20 கடல்மைல்.

ஓடும்போது கணக்கு எளிது: மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். கிளம்பும் முன் ஒருமுறை கரை, சேர்ந்ததும் ஒருமுறை கரை, படுக்குமுன் ஒருமுறை. தண்ணீர் எப்போதும் கிண்ணத்தில் இருக்கட்டும், தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

ஆறாவது படி: ஊர் ஊராக

லா கானர்: கால்வாய் ஓரத்தில் ஒரே தெருவாக நீளும் ஊர், துறையில் இறங்கினால் நேராகக் கடைத்தெரு. கால்வாயில் நீரோட்டம் வேகமாக இருக்கும், துறைக்கு வரும்போது படகு பக்கவாட்டில் இழுக்கும். அந்தப் பதற்றத்தில் நாய் முதலில் துறைக்குக் குதித்துவிடும். எங்கள் வீட்டில் ‘இரு’ என்ற ஒரே கட்டளையைத்தான் கண்டிப்பாகப் பழக்கியிருக்கிறோம்: இன்ஜின் அணையும்வரை எழுந்திருக்கக் கூடாது. படகுக்கும் துறைக்கும் நடுவில் கால் விட்டால் நசுங்கிவிடும்.

அனகோர்ட்டஸ்: சாமான் வாங்க, டீசல் போட, நாய்க்குத் தீனி நிரப்ப. கேப் சான்டே துறைக்கு மேலே இருக்கும் பாறைக் குன்றில் மாலையில் நடக்கலாம்.

ஃப்ரைடே ஹார்பர்: சான் ஹுவான் தீவில் இருக்கும் ஊர், எல்லாத் தீவுகளுக்கும் தலைநகர் மாதிரி. வெளியே மேசை போட்ட கடைகளில் நாயோடு உட்கார விடுவார்கள், உள்ளே கூட்டிப்போக முடியாது. ஃபெரி வந்து நிற்கும் நேரத்தில் தெருவில் கார் வரிசை, சத்தம், அந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தீவின் தெற்கில் அமெரிக்கன் கேம்ப், வடக்கில் இங்கிலிஷ் கேம்ப். 1859-இல் ஒருவர் தோட்டத்து உருளைக்கிழங்கைத் தின்ற பன்றியைச் சுட்டதில் அமெரிக்காவும் பிரிட்டனும் படை இறக்கி, 1872 வரை இழுத்த சண்டை, செத்தது அந்தப் பன்றி மட்டும். இங்கிலிஷ் கேம்புக்குப் படகிலேயே போய் கேரிசன் பேயில் நங்கூரம் போடலாம், இறங்கினால் விரிந்த புல்வெளி, நாய்க்கு இதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் எனக்குத் தெரியாது. இந்த இரண்டு கேம்பிலும் லீஷ் ஆறடிக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்கன் கேம்ப் பக்கம் நரிகள் பகலிலேயே திரியும், கையில் ஒருமுறை சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரோச் ஹார்பர்: 1886-இல் கட்டிய வெள்ளை ஹோட்டல், பழைய சுண்ணாம்புக் காளவாய்கள், பூந்தோட்டம், அழகான துறை. ஆனால் கோடையில் சூரியன் மறையும்போது கொடி இறக்கும் சடங்கு நடக்கும், முடிவில் பீரங்கி வெடிப்பார்கள். எனக்கு முன்பே தெரியாது. வாண்டு அன்றைக்கு மேசைக்கு அடியில் புகுந்து இரவு பதினொரு மணி வரை வெளியே வரவில்லை. அந்த நேரத்துக்கு நாயைக் கேபினுக்குள் வைத்து, ரேடியோவைச் சத்தமாகப் போட்டு, மெல்ல ஏதாவது கொடுங்கள். ஜூலை 4 வாரத்தில் எந்த ஊர்த் துறைக்கும் போகாதீர்கள், எங்கும் வாணவேடிக்கை. ஆளில்லாத விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிடுங்கள்.

லோபஸ்: ஃபிஷர்மன் பே வாய்க்கால் ஆழம் குறைவு, ஏற்றத்தில் மட்டும் நுழையுங்கள். இல்லையென்றால் ஸ்பென்சர் ஸ்பிட், மாநிலப் பூங்காவின் மிதவையில் கட்டிக்கொண்டு டிங்கியில் (கூடவே கொண்டுபோகும் சின்னப் படகில்) மணல்திட்டுக்குப் போகலாம்.

ஏழாவது படி: டிங்கியும் ஆளில்லாத தீவுகளும்

ஊர்களுக்கு நடுவில் ஒரு இரவாவது சூசியா தீவில் தங்குங்கள். 1960-இல் ஊர் ஊராகப் படகுச் சங்கங்கள் காசு சேர்த்து வாங்கி, தனியார் கைக்குப் போகாமல் மாநிலத்துக்குக் கொடுத்த தீவு அது. மாநிலப் பூங்காக்களில் லீஷ் எட்டடி வரை இருக்கலாம். மேட்டியா தீவின் நடைபாதையில் நாய்க்கு அனுமதி இல்லை, காட்டுயிர்ப் புகலிடம். யெல்லோ தீவிலும் நாய் கூடாது, காட்டுப் பூக்களுக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொள்ளாமல் இறங்கிவிடாதீர்கள்.

ரப்பர் டிங்கிக்கு நாயின் நகம் எதிரி, பயணத்துக்கு முந்தைய வாரம் வெட்டிவிடுங்கள், அடியில் பழைய யோகா பாய் ஒன்றைப் போடுங்கள். ஏறும்போது நீங்கள் முதலில், பிறகு நாய். கரையில் இறங்கும்போது நாய் முதலில் தாவும், அதற்குள் இன்ஜினைத் தூக்கிவிட வேண்டும். பாறைக் கரையெல்லாம் கொட்டலசும் சிப்பியும் பிளேடு மாதிரி ஒட்டிக் கிடக்கும். நாய்க் காலுறையைப் போடப் பழக்குங்கள், முடியாவிட்டால் மணல் உள்ள இடமாகப் பார்த்து இறக்குங்கள். பாதம் வெட்டுப்பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, துணி சுற்றி, மேலே ஒரு குழந்தை சாக்ஸ். அதற்காகவே இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன்.

எட்டாவது படி: கடல்நாய், நீர்நாய், ஓர்க்கா

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல்நாய் (சீல்) குட்டிகள் கரையில் தனியாகக் கிடக்கும். தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வரும். நாயின் வாசனை பட்டால் வராமலே போய்விடலாம். 100 கெஜம் தள்ளியே நில்லுங்கள், எங்கோ ஒன்று கிடக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கரையையே விட்டுவிடுங்கள். நீர்நாய் பார்க்க அழகு, ஆனால் கடிக்கும், படகுத்துறைகளில் ராத்திரி கூட்டமாக ஏறும். இருட்டில் டார்ச் இல்லாமல் நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.

இங்கேயே வாழும் தெற்கத்தி ஓர்க்கா (கொலைத் திமிங்கலம்) கூட்டத்திடமிருந்து படகு 1,000 கெஜம் விலகியிருக்க வேண்டும் என்பது 2025 ஜனவரி முதல் சட்டம். சுவாரசியம் என்னவென்றால் அவற்றைக் காப்பாற்றும் வேலையில் ஒரு நாய்க்கும் பங்கு உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் டக்கர் என்று ஒரு கறுப்பு லாப்ரடார் கலப்பு இருந்தது, இதே கடலில் படகின் அணியத்தில் நின்று காற்றில் ஓர்க்கா மலத்தை மோப்பம் பிடித்து வழி காட்டும், ஒரு மைல் தொலைவிலிருந்துகூட. அந்த மலத்தில்தான் அவற்றின் பசியும் கர்ப்பமும் தெரியும். டக்கருக்குத் தண்ணீரில் இறங்கவே பிடிக்காதாம். உங்கள் நாய் நீந்தாவிட்டால் அது படகுக்கு லாயக்கில்லை என்று நினைக்க வேண்டாம்.

கனடாவுக்குத் தாண்டினால்

அங்கே இருக்கும் சிட்னி, கேஞ்சஸ் ஊர்கள் வரை போக ஆசை வரும். போகும்போது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு ரேபீஸ் சான்றிதழ் கேட்பார்கள். திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள்: 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் ஒவ்வொரு நாய்க்கும், ஒரு நாள் போய்வந்த உள்ளூர் நாயானாலும், சிடிசியின் (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின்) நாய் இறக்குமதிப் படிவம் வேண்டும். ஆறு மாத வயதும் மைக்ரோசிப்பும் கட்டாயம். படிவத்தை வீட்டிலேயே நிரப்பி ரசீதை எடுத்து வையுங்கள், தீவுகளில் பல இடத்தில் சிக்னல் கிடையாது.

வீடு திரும்பிய பிறகு

நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதை உலர்த்தி, விரலிடுக்கில் உப்பு நிற்காமல் பாருங்கள். ஜாக்கெட்டையும் அலசிக் காயவையுங்கள், ஜிப் துருப்பிடிக்கும்.

அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் நாயின் சாப்பாட்டைக் கவனியுங்கள். இந்தக் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் பச்சை சால்மனையோ துறையில் மீன் வெட்டிய இடத்துக் கழிவையோ அது உங்களுக்குத் தெரியாமல் தின்றிருக்கலாம். அந்த மீனில் இருக்கும் ஒட்டுண்ணிப் புழு சுமந்துவரும் ஒரு கிருமி நாய்க்கு மட்டும் எமன், தின்று ஐந்தாறு நாளுக்குப் பிறகுதான் காய்ச்சல், வாந்தி, சாப்பிடாமை என்று ஆரம்பிக்கும். அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும். நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பிழைத்துவிடும், விட்டால் பெரும்பாலும் பிழைக்காது. மருத்துவரிடம் போனதும் முதல் வாக்கியமாக ‘கடலுக்குப் போயிருந்தோம், சால்மன் தின்றிருக்கலாம்’ என்று சொல்லுங்கள்.